காலால பொறந்தவ

தம்பி, அந்த நாற்காலியில உக்காராதீங்க. நடுவுல பள்ளம் விழுந்துட்டு, உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆளு வேணும். இப்படி இந்த பெஞ்சுக்கு வாங்க. மெதுவா, மெதுவா. கையை ஊணி உக்காருங்க. வலது பக்கந்தானே? நீங்க வாசப்படி ஏறும்போதே பாத்துட்டேன், அந்தக் காலைத் தரையில வைக்கவே யோசிக்கீங்க. டாக்டரம்மா உள்ள ஒரு ஆளைப் பாத்துக்கிட்டு இருக்கு. நேரமாகும். அந்தப் பிள்ளை ஒருத்தரைப் பிடிச்சா லேசுல விடாது.

வலி இடுப்போட நிக்குதா, இல்ல காலுக்கு எறங்குதா? எறங்குதா. அப்ப அது வேற ரகம். இடுப்போட நின்னா அது வெறும் பிடிப்பு. பிட்டத்துல ஆரம்பிச்சு, தொடைக்குப் பின்னால ஓடி, கெண்டைக்கால்ல எறங்கி, பெருவிரல்ல போய் சுரீர்னு நிக்குதுன்னா அது நரம்பு வலி. சயாட்டிக்கான்னு சொல்லுவாக. பேரு என்னமோ சினிமாக்காரி பேரு மாதிரிதான் இருக்கு. செய்யுத வேலைதான் ரௌடி வேலை.

நான் டாக்டர் இல்ல தம்பி. கடலைமிட்டாய்க் கம்பெனியில பாகை உருட்டுதவ. பேரு செண்பகவடிவு. வடிவக்கான்னு கேட்டா இந்தக் கோவில்பட்டியில பச்சைப்பிள்ளையும் வீட்டைக் காட்டும். மிட்டாய்க்காக இல்ல, இடுப்புக்காக. ஏன்னா நான் காலால பொறந்தவ. எல்லாரும் தலை முன்னால வருவாக, நான் கால் முன்னால வந்தேன். எங்க அம்மை செத்துப் பொழச்சா. ஆனா அப்படிப் பொறந்தவ காலுக்கு ஒரு சக்தி உண்டு. இடுப்பு பிடிச்சுக்கிட்டவுகளைக் குப்புறப் படுக்க வச்சு, குதிகால்ல வெளக்கெண்ணெய் தொட்டு, மூணு தடவை மிதிச்சு விட்டாப் போதும்.

எத்தனை பேருங்கிய! கண்டக்டரு, வாத்தியாரு, பேங்க்ல பெரிய ஆபீசரு, எல்லாரும் நம்ம வீட்டுப் பாயில குப்புறக் கெடந்தவுகதான். அன்னைக்கே சரியாயிடுமான்னு கேக்காதீங்க. சிலவுகளுக்கு ஒரு வாரம் ஆகும், சிலவுகளுக்கு ஒரு மாசம், ரெண்டு மாசம்கூட ஆகும். ஆனா சரியாகும். சரியாகாதவுக ஒருத்தராவது திரும்பி வந்து சொல்லணும்லா? ஒருத்தரும் வந்ததில்ல. அப்ப எல்லாருக்கும் சரியாயிட்டுன்னுதானே அர்த்தம்?

அப்பேர்ப்பட்ட எனக்கே வந்துட்டு. போன ஐப்பசியில, பலகைக்கு முன்னால குனிஞ்சு உருட்டிக்கிட்டு இருக்கேன், லேசா இருமினேன். வேற ஒண்ணுமே செய்யல, இருமினேன். இடுப்புல இருந்து கால் விரல் வரைக்கும் ஒரு இழுப்பு. உருட்டுத கட்டையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். பக்கத்துல நின்னவ என்னக்கான்னு கேட்டா. செருப்பு கடிச்சிட்டுன்னேன். பின்ன என்ன சொல்ல? ஊருக்கே இடுப்பு பாக்கவ, தன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னா யாரு மதிப்பா? தும்மினா வலி, குனிஞ்சா வலி, உக்காந்தா அதைவிட வலி. அவ்வளவுக்கும் செருப்பு மேலயே பழியைப் போட்டேன். ஒரு செருப்பு இத்தனை நாளாவா கடிக்கும்னு சூப்பர்வைசர் கேட்டான். புதுச் செருப்புன்னேன்.

இதுல என்ன விசேஷம்னா, எம்மக முத்துச்செல்வி அப்ப முழுகாம இருந்தா. ஒத்தை மக. தலைப்பிரசவம் நம்ம வீட்டுல. பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுதது பாத்திருக்கீங்களா தம்பி? தரையில உக்காந்து, ரெண்டு காலையும் நேரா நீட்டி, முழங்காலுக்குக் கீழ பிள்ளையைப் படுக்கப் போட்டு, எண்ணெய் தேச்சு, தண்ணி ஊத்தி, மூக்கு பிடிச்சு, தலை பிடிச்சு விடணும். அது தாய்வீட்டு ஆச்சிக்கு உள்ள உரிமை. எம்மக வயித்துல இருக்கும்போதே நான் இந்தக் கனவுதான் கண்டேன். எம்பிள்ளைக்கு ஒரு பிள்ளை பொறந்து, என் கால்ல படுத்து, என் கையால குளிக்கணும். வேற என்ன ஆசை எனக்கு?

இந்த சயாட்டிக்காக்காரி இருக்காளே, அவளுக்கு எது பிடிக்காதோ அதுதான் அந்த உக்காருத உக்காரு. காலை நீட்டினா நரம்பு இழுக்கும். வீட்டுல ஆள் இல்லாத நேரமாப் பாத்து, ஒரு தலைகாணியைப் பிள்ளையா நெனச்சுக்கிட்டு உக்காந்து பாத்தேன். பாதிகூட நீட்டல, கண்ணுல தண்ணி வந்துட்டு. சரியா அந்நேரம் பாத்து செல்வி உள்ள வந்துட்டா. தலைகாணியைக் கால்ல போட்டுக்கிட்டு அம்மை அழுதுக்கிட்டு இருந்தா எந்த மகதான் என்னன்னு கேக்க மாட்டா? செருப்புன்னு சொல்லிப் பாத்தேன். நம்பல. மறுநாளே இங்க கூட்டியாந்துட்டா.

டாக்டரம்மா பேரு ஜெரின். சின்னப் பிள்ளைதான். முதல் கேள்வியே என்ன கேட்டுச்சு தெரியுமா? ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடக்க முடியுதா, தொடை இடுக்கு மரத்துப் போச்சா, பாதம் தூக்க வராம துவளுதான்னு கேட்டுச்சு. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துட்டு. நான் இடுப்பு வலின்னு வந்தா இது என்ன கேள்வி? அப்புறம்தான் வெளக்குச்சு. அந்த மாதிரி எதுவும் இருந்தா ஒரு நிமிசம்கூடத் தாமதிக்காம பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணுமாம், இங்க உக்காந்திருக்கக் கூடாதாம். உங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லியே? நல்லது. உள்ள கேக்கும், கோவப்படாம பதில் சொல்லுங்க.

பெறகு ஒரு ரப்பர் முதுகெலும்பை எடுத்து வச்சுக்கிட்டு பாடம் நடத்துச்சு. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்துன்னு ஒண்ணு இருக்காம், அது பிதுங்கி நரம்பை அமுக்குதாம். எனக்கு உடனே புரிஞ்சுட்டு. பாகு பதம் தப்பிப் போனா, உருட்டும்போது ஓரத்துல பிதுங்கும்லா, அதேதான். பிதுங்கினதை வழிச்சு எடுத்துடும்மான்னேன். அது சிரிச்சிட்டு, நெறைய பேருக்கு ஆபரேசனே வேண்டாம், உடம்பே கொஞ்சங் கொஞ்சமா சரி பண்ணிக்கிடும், ஆனா நீங்க படுத்தே கெடக்கக் கூடாது, நடக்கணும், நான் சொல்லுத பயிற்சியைச் செய்யணும்னுச்சு. குப்புறப் படுத்து, முழங்கையை ஊணி, நெஞ்சை மட்டும் தூக்குத மாதிரி ஒரு பயிற்சி. அப்புறம் ஒண்ணு சொல்லுச்சு பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல. 'யாரையும் இடுப்புல மிதிக்க மட்டும் விட்டுடாதீங்கம்மா'ன்னு சொல்லுச்சு. யாருகிட்ட? என்கிட்ட.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிட்டேன், அந்தப் பிள்ளை சொல்லுதது ஒண்ணும் நான் செய்ய மாட்டேன்னு. நடந்தா இடுப்பு வலி போகும்னா போஸ்ட்மேனுக்கு ஏன் வருது? இதுக்கு மருந்து எனக்குத் தெரியும், இன்னொரு காலால பொறந்த ஆளு வேணும், என் காலு என் முதுகுக்கு எட்டாது, அதுதான் கஷ்டம்னேன்.  செல்வி ரெண்டு நாள் யோசனையாவே இருந்தா. மூணாம் நாள் காப்பி குடிக்கும்போது, 'எம்மா, எங்க அத்தையும் காலால பொறந்தவகளாம்லா. இவ்வளவு நாளும் சொல்லிக்கிடவே இல்ல'ன்னா.

அவ அத்தைன்னா யாரு, எஞ்சம்மந்தி சீனியம்மா. பேருலதான் சீனி. கல்யாணத்தன்னைக்கு அவுக ஆளுக பந்திக்குப் பாயசம் பத்தாமப் போயிட்டு. தீந்து போனது எங்க தப்பா? அவுக ஆளுக அப்படிக் குடிச்சாக. அதை ஒரு வார்த்தை நான் சொல்லப் போக, 'எங்க ஊர்ல எண்ணி ஊத்துத பழக்கம் கெடையாது'ன்னு அவ சொல்ல, அன்னையில இருந்து பேச்சு கெடையாது. வளைகாப்புக்கு வந்து வளையல் போட்டா, எம்மூஞ்சியைப் பாக்காமலே போட்டா. அவ காலுக்கடியில நான் போய்க் குப்புறப் படுக்கவா? முடியாதுன்னுட்டேன்.

ஆனா நெனச்சுப் பாத்தேன் தம்பி. நான் இப்படியே இருந்தா, பிள்ளை பொறந்ததும் ஆரு குளிப்பாட்டுவா? செல்விக்குப் பயம், தொடமாட்டா. அந்த சீனியம்மாதான் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து எங்க வீட்டு நடுவுல காலை நீட்டி உக்காருவா. நான் சோப்பு எடுத்துக் குடுக்கணும். அதுக்கு ஒரு தடவை மிதி வாங்கிட்டுப் போயிடலாம்னு தோணிட்டு.

அவ ஒத்துக்கிட்டா. ஆனா செல்விகிட்ட நெறைய விதிமுறை சொல்லி அனுப்பினா. பஸ்சுல, ஆட்டோவுல வரக் கூடாது, நடந்துதான் வரணும். காலையில ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை வரணும். சின்னச் சின்ன எட்டா வைக்கணும், வலிச்சா நின்னு வலி அடங்கினதும் நடக்கணும். எங்க முறையில இதெல்லாம் கெடையவே கெடையாது. சரி, ஊருக்கு ஒரு முறை இருக்கும், நமக்கென்னன்னு நடந்தேன். அவ வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். முதல் நாளு போய்ச் சேருததுக்குள்ள போதும் போதும்னு ஆயிட்டு.

பாயை விரிச்சா. படுத்தேன். மனசுக்குள்ள பயந்தான். பாயசத்துக்கெல்லாம் சேத்து வச்சு மிதிச்சான்னா என்ன செய்ய? அவ மிதிக்கதுக்கு முன்னால குனிஞ்சு, என் முதுகைத் தொட்டு, கையைத் தன் கண்ணுல ஒத்திக்கிட்டா. கால் படப் போகுதுன்னு மன்னிப்புக் கேக்கா, தம்பி. என்கிட்ட. பக்கத்துல இருந்த நெலைக் கண்ணாடியில தெரிஞ்சுது.  பெறகு அவ காலை வச்சா. வச்சது தெரியவே இல்ல, பூனை நடந்த மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதானான்னு கேட்டேன். 'எங்க முறையில இவ்வளவுதான் மதினி'ன்னா. பெறகு எந்திரிக்க விடல. முழங்கையை ஊணி நெஞ்சைத் தூக்கு, மூச்சை விடு, எறக்கு, மறுபடி தூக்குன்னு படுத்தி எடுத்துட்டா. டாக்டரம்மா காட்டினதும் அதே மாதிரிதான் இருந்துச்சு. இந்தப் படிச்ச பிள்ளைக இதெல்லாம் நம்ம ஆளுககிட்ட இருந்துதான் எடுத்திருக்கும், வெளியில சொல்ல மாட்டாக.

தெனமும் போனேன். முதல்ல ஒரு வாரம் வைத்தியப் பேச்சைத் தவிர நாங்க வேற பேசிக்கிடல. பெறகு காப்பி குடுத்தா. சீனி கூடிப்போச்சுன்னேன். எண்ணிப் போடுத பழக்கம் இல்லன்னா. ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துட்டு. அதுக்காக நான் ஒண்ணும் அவகிட்ட ஒட்டிக்கிடல, வைத்தியத்துக்குத்தான் போனேன். சிலநாள் வைத்தியம் முடிஞ்சும் பேச்சு முடியாது, அவளே ரயில்வே கேட்டு வரைக்கும் கூட நடந்து வருவா, நான் திரும்ப அவளைப் பாதி தூரம் கொண்டு விடுவேன். ஒத்தையில அனுப்ப மனசு வராது, அவ்வளவுதான்.

வலி என்ன செஞ்சுது தெரியுமா? வந்த வழியே திரும்பிப் போச்சு. முதல்ல பெருவிரலை விட்டுது. பெறகு கெண்டைக்காலை விட்டுது. தை பொறக்கும்போது தொடையையும் விட்டுட்டு இடுப்போட நின்னுக்கிட்டு. டாக்டரம்மாகிட்ட செல்வி கூட்டியாந்து காட்டினா. அப்படித்தான் போகணும், கால்ல இருந்து மேல ஏறிட்டா நல்ல சேதின்னு அதுக்கு ஒரே சந்தோசம். நடந்ததுக்குப் பலன் பாத்தீங்களான்னுச்சு. நான் ஆமான்னு தலையாட்டிட்டேன். மிதி வாங்கினதைச் சொன்னா பாவம், அது மனசு வருத்தப்படும். செல்வியும் அதுவும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து என்னத்துக்கோ சிரிச்சுக்கிட்டாக.

மாசியில பேத்தி பொறந்தா. நல்ல நெறம், கை காலெல்லாம் நீளம். முதல் குளிப்பாட்டுக்கு சொந்தக்காரப் பொம்பளைக எல்லாம் வந்துட்டாக. சாத்தூர்ல இருந்து சீனியம்மாவுக்கு அக்கா வந்திருந்தா. வெந்நி தயாரா இருக்கு, எண்ணெய் இருக்கு. நான் சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கிட்டு உக்காந்தேன். காலை நீட்டினேன். நடக்கையில ஒண்ணும் செய்யல தம்பி, நிக்கையில ஒண்ணும் செய்யல. ஆனா முழுசா நீட்டினதும் பழையபடி ஒரு வெட்டு வெட்டிட்டு. பாதம் தானா துள்ளுச்சு. செல்வி பிள்ளையைக் கையில வச்சுக்கிட்டு என் கால்ல போடுததுக்குக் குனியுதா.

ஒரு நிமிசம் யோசிச்சேன். பல்லைக் கடிச்சுக்கிட்டா ஒப்பேத்திடலாம், யாருக்கும் தெரியாது. ஆனா சோப்புப் போட்டு வழுவழுன்னு இருக்கும்போது அந்தக் காலு இன்னொரு தரம் துள்ளினா? அவ்வளவு பொம்பளைகளுக்கு முன்னால சொன்னேன். 'மதினி, நீங்க உக்காருங்க. என் காலை நம்ப முடியாது.' அதைச் சொல்லுததுக்குள்ள எனக்கு உசுரு போயி உசுரு வந்துட்டு.

சீனியம்மா வந்து உக்காந்தா. காலை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கிட்டா. நான் எந்திரிச்சு ஒதுங்கப் போனேன். அவ என் முந்தானையைப் பிடிச்சு இழுத்து, 'எங்க போறீய? எனக்குக் காலுதான் இருக்கு, குளிப்பாட்டத் தெரியாது. கை உங்களது'ன்னா. மூணு பிள்ளை வளத்தவளுக்குக் குளிப்பாட்டத் தெரியாதாம்! பக்கத்துல ஒரு முக்காலியைப் போட்டு நான் உக்காந்து எண்ணெய் தேச்சேன், அவ கால்ல பிள்ளை கெடந்துச்சு. எங்க பேத்தி அழவே இல்ல. அதுல இருந்து தெனமும் அப்படித்தான், காலு அவளது, கை என்னது.

அன்னைக்கு அந்த சாத்தூர்க்காரி ஒரு பேச்சு பேசினா. 'எங்க சீனிக்குப் பொறக்கும்போதே தலை பெருசு. தலை வந்து மாட்டிக்கிட்டு, எங்க அம்மை ஒரு பகல் முழுக்கப் பாடுபட்டா'ன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டா. சீனியம்மா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா. செல்விக்கு அந்நேரம் பாத்து இருமல். நான் யோசிச்சேன். தலை முன்னால வந்தவ மிதிச்சு எப்படி எனக்குச் சரியாச்சு? எனக்கும் ஒரு நாள் முழுக்க மனசு சரியில்ல. பெறகு வெளங்கிட்டு. தலையால வந்த அவ காலு சாதாரணக் காலுதான். ஆனா மாசக்கணக்கா அவ யாரு இடுப்பைத் தொட்டா? காலால பொறந்தவ இடுப்பை. என் சக்தி அவ காலுக்கு ஏறி, அது திரும்ப என் இடுப்புக்கே வந்திருக்கு. இதை அவகிட்ட சொன்னேன். முந்தானையை வாயில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் தலையை ஆட்டினா. அவளுக்கே ஆச்சரியம்.

இப்ப உள்ள டாக்டரம்மாகிட்ட இருக்கது சீனியம்மாதான். நேத்து சாயந்தரம் தண்ணி அண்டாவைக் குனிஞ்சு இழுத்திருக்கா, இடுப்பு பிடிச்சுக்கிட்டு. காலுக்கெல்லாம் எறங்கல, இடுப்போட நிக்குது, வெறும் பிடிப்புதான். நான் மிதிக்கேன் படுங்க மதினின்னேன். வேண்டவே வேண்டாம், டாக்டரம்மாகிட்ட போயிடுவோம்னு ஒத்தக் கால்ல நின்னுட்டா. என் காலுக்கு வேலை குடுக்கக் கூடாதுன்னு அவ்வளவு மரியாதை.

இன்னைக்குக் காலையில என்ன செய்யன்னு ஆயிட்டு. வெந்நி ஆறுது, பிள்ளை நெளியுது, அவளால தரையில உக்கார முடியல. டாக்டரம்மா போன தடவையே எங்கிட்ட சொல்லியிருந்துச்சு, சுவர்ல முதுகை நல்லா சாச்சுக்கிட்டு, வலிக்காத மட்டும் காலை நீட்டிப் பழகுங்கன்னு. ரெண்டு வாரமா ஆருக்கும் தெரியாம பழகிக்கிட்டுதான் வாரேன். போய்ச் சுவரோட சாஞ்சு உக்காந்தேன். ஒரு காலை நீட்டினேன். ஒண்ணும் இல்ல. மத்தக் காலை நீட்டினேன், அந்தக் காலைத்தான். மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். பாதம் அசையல. அப்பவும் செல்வியைப் பிள்ளையைத் தர விடல, கொஞ்ச நேரம் அப்படியே இருந்து பாத்துட்டுத்தான் கையைக் காட்டினேன்.

சீனியம்மா முக்காலியில உக்காந்துக்கிட்டா. குனிய முடியாம, நேரா உக்காந்தபடியே கொஞ்சங் கொஞ்சமாத் தண்ணி ஊத்தினா. இன்னைக்கு அவ கை, என் காலு. அவ்வளவு நாளும் சுரீர் சுரீர்னு ஓடுச்சே ஒரு வலி, கெண்டைக்காலு வழியா விரல் வரைக்கும். அந்த வழியிலயே எம்பேத்தி மல்லாந்து படுத்துக்கிட்டு, பொக்கை வாயைத் தொறந்து எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்கா. நான் அழுதுட்டேன் தம்பி. சீனியம்மா பதறிப்போயி, மதினி, வலிக்கா, பிள்ளையைத் தூக்கவான்னு கேக்கா.

தூக்காதீங்க மதினி, இன்னும் ஒரு சொம்பு ஊத்துங்கன்னேன்.